நாற்காலிப் பக்கத்து இலைகள்

நம் பதிவு நோட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு புகாருக்காகப் போகும் முதல் வருகையில் அதை நிரப்பக் கூடாது என்பது நம் நிறுவனத்தின் விதி. சென்ற வாரம் சேர்ந்த உங்களில் ஒருவர், “மொதத் தடவையே தெரிஞ்சுபோச்சுன்னா என்னங்க பண்றது?” என்று கேட்டார். தெரிந்தாலும் எழுதாதீர்கள் என்று மட்டும் அன்று சொன்னேன். அவருக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இந்த மாதக் கடைசியோடு நான் வேலையிலிருந்து நிற்கிறேன். விதியைப் போட்டவள் நான்தான். ஏன் போட்டேன் என்பதை எழுதிவைத்துவிட்டுப் போவது முறை என்று நினைக்கிறேன்.

அலுவலகங்களில் வளர்க்கும் போன்சாய்க் குட்டை மரங்களுக்கு மண் மாற்றுவது, வேர் வெட்டுவது, கம்பி கட்டுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லித்தந்தாயிற்று. அவற்றை மறுபடி எழுதப்போவதில்லை. கை தானாகப் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான். ஒரு மரம் இலை உதிர்க்கிறது, பக்கத்தில் ஒருவர் காரணம் கேட்டு நிற்கிறார், அவர் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார் என்றால் வாயைத் திறக்கலாமா கூடாதா என்பது.

இந்த வேலைக்கு வருமுன் நான் பதினேழு ஆண்டுகள் துணி செக்கிங்கில் இருந்தேன். உள்ளே விளக்கு எரியும் மேசையின் மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை, நூல் தடிப்பு என்று கண்ணில் பட்ட நொடியிலேயே குறைக்குப் பெயர் சொல்லி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தயங்கினால் அந்த இடம் உருண்டு கீழே போய்விடும். வேகமாகப் பெயர் சொல்கிறவர்தான் நல்ல செக்கர். நான் நல்ல செக்கர். அந்தப் பழக்கத்தோடுதான் குட்டை மரங்களிடம் வந்தேன். மரம் ஓடுவதில்லை என்பது புரிய எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

முதல் ஆண்டிலேயே ஓர் எச்சரிக்கை கிடைத்தது. நம் ஊர் ராயபுரத்தில் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனி. மெஷின் ஹாலை ஒட்டி முதலாளியின் அறை. அங்கே இருந்த குட்டை மரத்தின் இலைகளுக்கு நடுவே மெல்லிய வெண்ணிற வலை. சிவப்புச் சிலந்தி என்று நொடியில் பெயர் சொன்னேன். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தேன். மறுவாரம் போனால் ஒவ்வோர் இலையிலும் பசைபோல ஒரு படலம். அது வலையே அல்ல. ஹாலிலிருந்து பறந்துவந்த பஞ்சு. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியிருந்தால் போயிருக்கும். அந்த முதலாளி மரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏனுங் அம்மிணி, பூச்சிக்கு மருந்தடிச்சீங்களா, இல்ல பனியனுக்குக் கஞ்சி போட்டீங்களா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஈரத் துணியால் நூறு இலைகளைத் துடைத்ததோடு அது முடிந்தது. யாருக்கும் நட்டமில்லை. அதனாலேயே நான் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் கற்கவில்லை.

அடுத்தது அப்படி முடியவில்லை.

அருள்புரம் பக்கம் ஓர் ஏற்றுமதி நிறுவனம். பெயர் வேண்டாம். மாடியில், துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் உட்காரும் அறை. அதன் ஜன்னலோரம் ஒன்றரை அடி உயரத்தில் ஓர் இச்சி மரம். நல்ல அடிமரம், நல்ல கிளை அமைப்பு. அந்த நிறுவனத்தின் முதலாளிக்கு அப்போது அறுபது வயதிருக்கும். தறி போட்ட குடும்பம், அவர் காலத்தில் பனியனுக்கு வந்தது. ஆண்டுதோறும் பழனிக்கு நடந்து போகிறவர். மரத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். பையர் யார் வந்தாலும் முதலில் மரத்தைக் காட்டிவிட்டுத்தான் சாம்பிளைக் காட்டுவார்.

நான் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை போவேன். மற்ற நாட்களில் மரத்துக்குத் தண்ணீர் விடுவது புஷ்பம் என்ற பெண்ணின் வேலை. மாடியைப் பெருக்கித் துடைப்பதும் வருகிறவர்களுக்கு டீ கொடுப்பதும் அவர்தான். தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊரிலிருந்து பிழைக்க வந்தவர். இரண்டு பெண் பிள்ளைகளோடு கம்பெனி விடுதியில் ஓர் அறையில் இருந்தார். வேலை இருக்கும்வரைதான் அறை. அவரைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது இவ்வளவே. மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு செவ்வாயும் எனக்குக் கதவு திறந்துவிட்டவர் அவர்.

அந்தச் செவ்வாய் நான் போனபோது மரத்தின் இடப்பக்கம் மெலிந்திருந்தது. முந்தைய வாரமே லேசாகக் கவனித்து, ‘இடப்புறம் அடர்த்தி குறைவு’ என்று நோட்டில் எழுதியிருந்தேன். இப்போது பக்கம் முழுவதுமே கிளை தெரிந்தது. அடியில் இரண்டு இலைகள் மஞ்சளாக இருந்தன. மண்ணில் விரல் வைத்தால் ஈரம். காம்பு முளைக்கும் இடங்களில் வெள்ளைப் புள்ளிகள். மாவுப்பூச்சி என்று நினைத்துப் பஞ்சால் துடைத்தேன். பிசுபிசுக்கவில்லை, காய்ந்த பாலைப் போல உதிர்ந்தது. நான் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவிடாமல் எச்.ஆர். மேனேஜர் வந்து நின்றார். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயது, மரியாதையானவர்.

“மேடம், காரணம் என்னங்க?”

“இன்னும் ஒரு வாரம் பாக்கணுங்க.”

“ஒரு வாரமெல்லாம் நம்மகிட்ட இல்லீங்க மேடம். துணியோட கலர் ஷேடு சரியில்லைன்னு சாம்பிள் மூணாவது வாட்டியும் பையர்கிட்ட இருந்து திரும்பி வந்துருச்சு. மொதலாளி சரியாச் சாப்புடறதுகூட இல்லீங்க. இதுல மரம் வேற கொட்டுதா, ஆபீஸ்ல மரம் பட்டா ஆகாதுன்னு மனசுல போட்டுக்கிட்டாரு. பதினோரு மணிக்கு வந்துருவாரு. வந்ததும் என்னையத்தான் கேப்பாரு.”

“தெரியாம எழுத முடியாதுங்களே.”

“பெருசா ஒண்ணும் வேண்டாங்க. ஒரே வரி. தண்ணிங்களா, வெயிலுங்களா, பூச்சிங்களா? உங்களுக்குத் தெரியாததுங்களா?”

இந்தக் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். உங்களிடமும் கேட்பார்கள். அது கேள்வி மாதிரி இருக்கும், உண்மையில் ஒரு தள்ளு. மணி பத்து நாற்பது. மண் ஈரமாக இருந்தது உண்மை. இரண்டு இலைகள் மஞ்சளாக இருந்ததும் உண்மை. பூச்சி இல்லை. வெயில் மாறவில்லை. நோட்டை எடுத்து, காரணம் என்ற இடத்தில் ‘அதிக நீர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அவர் முகம் தெளிந்தது.

அப்போது புஷ்பம் டீத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். “மேடம், டீ வைக்கட்டா?” என்றார். “வேண்டாம்” என்றேன். அன்று அவரிடம் நான் பேசியது அந்த ஒரு சொல்தான்.

நான் எதைப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளையில் இருந்த இலைகளைப் பார்த்தேனே தவிர, விழுந்த இலைகளைப் பார்க்கவில்லை. காலையிலேயே பெருக்கி எடுத்திருந்தார்கள், தரையில் ஒன்றுகூட இல்லை. இலை உதிர்கிறது என்ற புகாருக்கு, உதிர்ந்த இலையைக் கண்ணால் பார்க்காமலே நான் காரணம் எழுதினேன். ஓட்டை விழுந்த துணியைப் பார்க்காமல் ஓட்டை என்று ஸ்டிக்கர் ஒட்டியது போல. செக்கிங்கில் அப்படிச் செய்திருந்தால் அன்றே என்னை டேபிளை விட்டு எழுப்பியிருப்பார்கள்.

மறு செவ்வாய் கதவைத் திறந்தவர் கீழ்த்தளத்து செக்யூரிட்டி.

“புஷ்பம் வரலைங்களா?”

“அவங்கள நிறுத்திப்போட்டாங்க மேடம். மரத்துக்குத் தண்ணிய ஊத்தி ஊத்திக் கெடுத்துப்போட்டாங்களாமா. சனிக்கெழமையோட சரி. ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இப்ப நான்தானுங்க தண்ணி. ஒண்ணுவிட்டு ஒரு நாள் அரை டம்ளர். எழுதி ஒட்டியிருக்காங்க பாருங்க.”

சுவரில் உண்மையாகவே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘அதிக நீர் விடக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில். நான் எழுதிய இரண்டு சொற்களை அச்சில் பார்த்தேன்.

மரத்திடம் போனேன். மண் காய்ந்திருந்தது. இடப்பக்கம் இன்னும் மெலிந்திருந்தது. நான் எழுதிய காரணம் சரியாக இருந்திருந்தால் உதிர்வு குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தது.

ஜன்னலோரம், மரத்துக்கு இடப்புறம், முதலாளி உட்காரும் நாற்காலி. அதற்கு அடியில் இலைகள் கிடந்தன. செக்யூரிட்டிக்குப் பெருக்கும் வேலை புதிது. நாற்காலியை நகர்த்திப் பெருக்கவில்லை. புஷ்பம் இருந்தவரை அந்த இடம் சுத்தமாக இருந்தது. அதனால்தான் எனக்கு அதுவரை ஓர் இலைகூடக் கிடைக்கவில்லை. குனிந்து பொறுக்கினேன். பதினொன்று. எல்லாம் பச்சை.

வீட்டுக்கு வந்து செய்தித்தாளில் பரப்பிவைத்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன். துணியில் இழை எண்ணும் பூதக்கண்ணாடி என்னிடம் இன்னும் இருந்தது. நீர் அதிகமாகி விழும் இலை முதலில் மஞ்சளாகும். காம்பின் நுனி சுத்தமாகக் கழன்றிருக்கும். இடம் மாற்றினாலும் குளிர்காற்று பட்டாலும் இச்சி பச்சை இலையை உதிர்க்கும். அப்போதும் காம்பு சுத்தமாகத்தான் கழலும். இவற்றில் ஏழு இலைகளுக்குக் காம்பே இல்லை. இலை நடுவில் கிழிந்திருந்தது. கிழிந்த ஓரத்தில் பால் காய்ந்து வெள்ளையாக நின்றது. கிளையில் நான் பூச்சி என்று நினைத்துத் துடைத்ததும் அதுதான். ஒன்பது இலைகளில் நீளவாட்டில் ஒரு மடிப்பு, சிலவற்றில் குறுக்கேயும் ஒன்று. மடிப்பின் மேல் பளபளப்பு போய்ப் பழுப்பாகியிருந்தது. இரண்டில் பிறை வடிவத்தில் சிறு வெட்டு. நகம்.

எந்தப் பூச்சியும் இலையை நான்காக மடிப்பதில்லை. அந்த அறைக்குக் குழந்தைகள் வருவதில்லை. யாரோ ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்து, வலக்கை எட்டும் தூரத்தில் இருக்கும் இலையைக் கசக்குகிறார்.

நம் ஊரில் துணித் தொழிலில் இருக்கிறவர்களைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெரியும். கையில் கிடைப்பதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சட்டை ஓரத்தைக்கூட விட மாட்டார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கும், விரல் ஒரு பக்கம் துணியின் கனத்தையும் மென்மையையும் பார்த்துக்கொண்டிருக்கும். அவர்களுக்கே தெரியாது. செக்கிங்கை விட்டுவந்த பிறகும் எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மூன்று ஆண்டுகளாக அந்த அறைக்குப் போய்வந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, எனக்கு முறையில்லாத நாளில் போனேன். பூஜை முடிந்து மாடி முழுக்கச் சாம்பிராணிப் புகை. முதலாளி ஜன்னலோர நாற்காலியில் போனில் இருந்தார். உட்காரச் சொல்லிக் கை காட்டினார். டவர் அந்த மூலையில்தான் நன்றாகக் கிடைக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

“சார், அது லைட்டு மாத்திப் பாக்கறதுல வர்ற வித்தியாசங்க. எங்க லேப்ல ஓகேங்க… இல்லீங்க சார்… நாலாவதா சாயம் முக்கி டிப் ஒண்ணு அனுப்பறனுங்க. இந்த ஒரு வாட்டி பாருங்க.” எதிர்முனையில் இருந்தவர் பையர் சார்பில் பேசும் சென்னை ஏஜெண்ட். முதலாளியின் குரல் கெஞ்சியது. அவருடைய வலக்கை மெதுவாக உயர்ந்து, பக்கத்துக் கிளையில் ஓர் இலையைத் தேடிப் பிடித்தது. கட்டைவிரல் அதன்மேல் ஓடியது. ஒரு மடிப்பு. திருப்பி இன்னொரு மடிப்பு. நகத்தால் ஓர் அழுத்து. எதிர்முனை ஏதோ மறுத்திருக்க வேண்டும். இலை கிழிந்து கையோடு வந்தது. அதை நாற்காலிக்கு அடியில் போட்டுவிட்டு விரல் அடுத்ததைத் தேடியது. அவர் பேசி முடிக்குமுன் மூன்று இலைகள் விழுந்தன.

நான் சொல்லாமலே திரும்பியிருக்கலாம். மரத்தை ஏதோ காரணம் சொல்லி வேறு மூலைக்கு மாற்றினால் மரம் பிழைத்துவிடும். ஒப்பந்தமும் நிலைக்கும். யாருக்கும் மனவருத்தமில்லை. நம் வேலையில் இப்படிப்பட்ட நல்ல வழிகள் நிறையக் கிடைக்கும். ஆனால் மரம் மட்டும் பிழைத்தால் போதாத நிலைக்கு என் இரண்டு சொற்கள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன.

போனை வைத்துவிட்டு, “என்னங் அம்மிணி, இன்னைக்கு வந்திருக்கறீங்க? மரம் தேறுங்களா?” என்றார்.

“ஐயா, உங்க வலது கையக் கொஞ்சம் பாருங்க.”

பார்த்தார். நான்காவது இலை மடிந்த நிலையில் விரல்களுக்கு நடுவே இருந்தது. அதை விரித்து மேசைமேல் வைத்தார்.

“நான் தொட்டாலே மரம் வாடுதுன்னு சொல்றீங்களா?” என்றார் பிறகு. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பையிலிருந்து பதினொரு இலைகளையும் எடுத்து மேசைமேல் எண் வரிசைப்படி வைத்தேன். பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். மடிப்பையும் நகத்தையும் பாலையும் காட்டினேன். அதிகம் பேசவில்லை. கண்ணாடியைக் கண்ணில் வைத்ததும் அவரும் துணிக்காரராகிவிட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தாவது இலையில் நிறுத்தினார்.

“ஒரே எடத்துல இத்தனை வாட்டி தேச்சா காட்டன் துணியே பிசிர் எந்திரிச்சுக்கும். இது பாவம் எலை.” கண்ணாடியைக் கீழே வைத்தார். “எனக்கே தெரியலீங் அம்மிணி.”

“எனக்கும் தெரியலீங்க. தெரியாமத்தான் அதிக நீர்னு எழுதிக் குடுத்தேன். அது தப்பு. அந்தத் தப்புக்கு ஒருத்தங்க வேலை போயிருக்கு.”

“டீக் குடுக்குமே, அந்தப் பொண்ணுங்களா?”

அவருக்குப் புஷ்பத்தின் பெயர்கூடத் தெரியவில்லை. மணி அடித்து மேனேஜரை அழைத்தார். “தம்பி, அந்தப் பொண்ணத் திரும்பக் கூப்புடு. திங்கக்கெழமை வரட்டும்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “ரூம வேற ஃபேமிலிக்குக் குடுத்தாச்சுங்களே ஐயா. அப்பறம்…”

“என்ன அப்பறம்?”

“வேற ஒரு கம்பெனில இருந்து அவங்களப் பத்தி விசாரிச்சுப் போன் பண்ணாங்க. வேலைல கவனம் பத்தாதுன்னு நான் சொல்லிட்டேங்க. காரணம்தான் எழுத்துல இருந்துச்சுங்களே.”

நான் நோட்டை எடுத்து, ‘அதிக நீர்’ என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே சரியான காரணத்தை எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டேன். பழைய எழுத்து படிக்கும்படியே இருக்கட்டும் என்று விட்டேன். நீங்களும் தவறான பதிவைக் கிழிக்கவோ முழுக்க அடிக்கவோ வேண்டாம். முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘கையால் அடிக்கடி கசக்குதல்’ என்று எழுதியதை அவர் படித்தார், மறுக்கவில்லை. அன்றே நாற்காலிப் பக்கத்தில் சாம்பிள் துணித்துண்டுகள் ஒரு கட்டு கொண்டுவந்து வைக்கச் சொன்னார். பேசும்போது கசக்க அவை போதும். மரம் தேற நான்கு மாதமானது. மரத்தைப் பற்றி இனிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை புஷ்பத்தைத் தேடிப் போனேன். முகவரியைத் தந்தவர் செக்யூரிட்டி. அருள்புரத்தில் ஒரு லைன் வீடு. உறவுக்காரக் குடும்பத்தின் ஒரே அறையில் இவர்கள் மூவரும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பனியனில் தொங்கும் நூலை வெட்டும் கத்தரி ஒன்று பக்கத்தில் கிடந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து செய்கிற வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்த பழக்கத்தில் டீ போடவும் போனார்.

நான் நடந்ததைச் சொன்னேன். இலைகள் நாற்காலிக்கு அடியில் கிடந்ததைச் சொன்னதும் குறுக்கிட்டார்.

“அது எனக்குத் தெரியுமே யக்கா.”

“தெரியுமா?”

“தெனமும் நான்தானே பெருக்குதேன். பச்சப் பச்சயா, மடிச்சு மடிச்சுல்லா கெடக்கும். நாலு கெடந்தா சாதா நாளு. பத்துப் பதினஞ்சு கெடந்தா அன்னைக்கு சாம்பிள் திரும்பி வந்துட்டுன்னு அர்த்தம். அன்னைக்கு நான் டீய வச்சுட்டு வாயத் தொறக்காம வந்துருவேன்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலியே. மொதலாளி கையில நோவுன்னு நானாப் போயிச் சொல்லச் சொல்லுதீங்களா? நல்லாருக்கு.” டம்ளரை என் முன் வைத்தார். “என் பேர எழுதியிருந்தீங்கன்னா அங்கனயே சண்டை போட்டுருப்பேன். தண்ணின்னுல்லா எழுதிட்டீங்க. தண்ணிகிட்டப் போயி நான் என்னத்தக் கேக்க?”

மன்னிப்புக் கேட்டேன். “சரி, விடுங்க” என்றார். அது மன்னித்ததா இல்லையா என்று நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை.

முதலாளி திரும்ப வரச் சொன்னதைச் சொன்னேன்.

“எதுக்கு? அவுக கிள்ளிப்போட நான் பெருக்கவா? ரூமும் கெடையாதுல்லா.” வெள்ளகோவில் பக்கம் ஒரு மில்லில் பெண்கள் விடுதிக்கு ஆள் எடுக்கிறார்களாம். தங்க இடம் உண்டு, பிள்ளைகளையும் வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை போய்க் கேட்டிருக்கிறார். பழைய கம்பெனிக்குப் போன் பண்ணி விசாரித்தபின் அவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள். “நாளைக்கு வரைக்கும் டயம் குடுத்துருக்காவ. நீங்கதானே எழுதுனது. நீங்களே இன்னொண்ணு எழுதிக் குடுங்க.”

கேட்டது நியாயம். நம் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாள் என் பையில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். உதிர்ந்த இலைகளின் எண்ணிக்கை, அவற்றின் நிறம், காம்பு கழன்றிருந்த விதம், மடிப்பு, காய்ந்த பால், மண்ணின் ஈரம் என்று ஒரு பக்கம் நிறைந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. மூத்த மகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். அவள் பாதி படிக்கும்போதே கை காட்டி நிறுத்தினார்.

“யக்கா, இதுல நான் எங்கன இருக்கேன்? எல்லாம் எலையாவுல்லா இருக்கு. அந்த மில்லுக்காரன் எலையப் பத்தியா கேட்டான்? என்னையப் பத்தி எழுதுங்க.”

இன்னொரு தாளை எடுத்தேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மரத்தைப் பற்றி மூன்று ஆண்டுகளின் குறிப்பு என்னிடம் உண்டு. எந்த வாரம் எந்தக் கிளை துளிர்த்தது என்று சொல்வேன். அதற்குத் தினமும் தண்ணீர் விட்டவரைப் பற்றி எழுத என்னிடம் ஒரு வரிகூட இல்லை. அவரிடமே கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கேட்டேன்.

சொன்னார். அந்தக் கம்பெனியில் ஆறு ஆண்டுகள். அம்மா இறந்தபோது எடுத்த நான்கு நாட்களைத் தவிர விடுப்பு இல்லை. சாம்பிள் அறையின் சாவி அவரிடம்தான் இருந்தது. ஒரு துண்டும் காணாமல் போனதில்லை. எந்தப் பையருக்குச் சர்க்கரை ஆகாது என்று அவருக்கு மனப்பாடம். மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுவார். நான் வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும், நான் வந்து பார்க்கும்போது காய்ந்திருக்கக் கூடாதே என்று, ஒரு டம்ளர் கூடுதலாக விடுவார். நான் விரல் வைத்துப் பார்த்த ஈரம் அது.

அதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தேன். “என்ன யக்கா, எழுதுங்க” என்றார். தொடர்ந்து எழுதினேன்.

“கடைசியா, தண்ணி சரியாத்தான் ஊத்துனான்னு ஒரு வரி. எம் பேரு போட்டு.”

“முழுப் பேர் என்ன?” என்று கேட்டேன்.

அவர் வாய் திறக்குமுன் சின்ன மகள் சொன்னாள். மரிய புஷ்பராணி. முதலெழுத்து அ. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் தாளை வாங்கி, பெயர் எழுதிய இடம் மடிப்பில் வராதபடி பார்த்து, இரண்டாக மடித்துப் பைபிளுக்குள் வைத்தார்.